துப்பாக்கி லைசென்ஸும் பரீட்சையும்

திருப்பூர் ஜில்லாவிலும் அதை அடுத்த ஈரோடு ஜில்லாவிலும் தோட்டத்துச் சாளைகளில் தனித்து வாழும் முதியவர்களுக்கு நேர்ந்த கதியை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2024-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி இரவு, பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வயோதிகத் தம்பதிகளும் அவர்களுடைய புதல்வரும் கொல்லப்பட்டனர். ஐந்து மாதங்கள் கழிந்தன. சிவகிரிக்கு அருகே விளாங்காட்டு வலசில் இன்னொரு வயோதிகத் தம்பதிகள் அதே விதமாக மாண்டனர். அவர்கள் இறந்த செய்தி 2025-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி வெளியாயிற்று. இறந்ததோ அதற்குச் சில நாட்கள் முன்பு. இடையில் அந்த வீட்டின் கதவை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. கொலையைக் காட்டிலும் நம்மை உறுத்துவது இந்த இடைவெளிதான். இரண்டு சம்பவங்களையும் ஒரே கூட்டத்தார் செய்ததாகப் போலீஸார் பின்னர் கூறிச் சிலரைக் கைது செய்தனர்.

இவற்றுக்குப் பிறகு கொங்கு நாட்டில் எழுந்த குரல்களில் ஒன்று, “எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள்” என்பது. பட்டணத்தில் இருந்துகொண்டு இக்குரலைக் கேட்டு நகைப்பது எளிது. நாம் நகைக்கவில்லை. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கங்களில் ஒரு முறையாவது இரவில் நடந்தவர்களுக்கு அந்தத் தனிமை என்னவென்று தெரியும். அது நத்தத்தில் நெருங்கி வாழும் ஊர் அல்ல. அவரவர் நிலத்தின் நடுவே, கிணற்றையும் கட்டுத்தறியையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கும் தமக்கும் இடையே இரண்டு மூன்று காடுகளும் ஒரு இட்டேரியும் கிடக்க வாழ்வது அந்நாட்டு வழக்கம். முன்பு அந்த வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது, பண்ணையாட்கள் இருந்தனர். இப்பொழுது பிள்ளை பனியன் கம்பெனி நடத்தத் திருப்பூரிலோ, கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூரிலோ இருக்கிறான். பெண் மணமாகிப் போய்விட்டாள். மிஞ்சியிருப்பவர்கள் எழுபது வயதுக் கிழவரும் அறுபத்தைந்து வயதுக் கிழவியும், வாசலில் ஒரு நாயும். வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு உலகமெங்கும் உடுப்பு அனுப்பும் ஒரு நகரத்தின் செல்வம், அதைச் சூழ்ந்த காடுகளில் இப்படி ஒரு வெறுமையையும் விட்டிருக்கிறது. அச்சம் கொள்ள அவர்களுக்குக் காரணம் உண்டு. ஆயுதம் கேட்க அவர்களுக்கு நியாயமும் உண்டு.

ஆனால் லைசென்ஸ் கொடுப்பதா, கூடாதா என்ற வாதத்தில் எல்லோரும் முனைந்திருக்க, அதற்கு முந்திய கேள்வி ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. துப்பாக்கியைப் பெறப்போகும் கைக்கு அதைப் பிடிக்கத் தெரியுமா? தெரியும் என்று யார், எவ்விதம் கண்டறிந்தார்கள்? லைசென்ஸ் அளிக்கும் சர்க்காரே நேரில் பரீட்சை வைத்துத் தேறியவருக்கே ஆயுதம் அளிக்க வேண்டும் என்பதும், புதுப்பிக்கும்தோறும் அப்பரீட்சை மறுபடி நடக்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

தேசியக் கொள்கையில் ஊறியவர்களுக்கு இது முதலில் கசப்பாகவே இருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயுதச் சட்டம் என்ற பெயரே நம் நாட்டில் ஒரு பழைய புண். 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபு அச்சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்தியன் கையில் ஆயுதம் இருக்க லைசென்ஸ் வேண்டும் என்றும், ஐரோப்பியனுக்கு அது வேண்டுவதில்லை என்றும் விதிக்கப்பட்டது. அதே பிரபு, அதே வருஷத்தில்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் இயற்றினார். கையைக் கட்டியவர் வாயையும் கட்டினார் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் எளிதில் மறப்பதில்லை. 1918-ல் கேடா ஜில்லாவில் சேனைக்கு ஆள் திரட்டிய மகாத்மா காந்தி, அஹிம்ஸையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டவராயிருந்தும், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தை அன்னிய ஆட்சியின் மிகக் கரிய செயலாகத் தம் துண்டுப் பிரசுரத்தில் குறிப்பிட்டார். 1931-ல் கராச்சி காங்கிரஸில் நிறைவேறிய அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாக இடம் பெற்றது.

அத்தீர்மானத்தைப் புகழ்ந்து பேசுவோர் அதன் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். அவ்வுரிமை, அதற்கென ஏற்படும் விதிகளுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டது என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. சிறையில் கிடந்து வந்தவர்களே அந்த வரம்பை எழுதினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் 1948-ம் வருஷம் டிசம்பர் மாதம் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பேதமின்றி எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் திருடனும் கொள்ளைக்காரனும் அதன் கீழ் வந்து நிற்பார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சபை அவர் பக்கமே நின்றது. ஆகவே சுதந்திர இந்தியாவில் துப்பாக்கி என்பது பிரஜையின் பிறப்புரிமையும் அல்ல, எஜமானன் வீசும் பிச்சையும் அல்ல. காரணத்தையும் தகுதியையும் காட்டிப் பெறும் ஓர் அனுமதி அது. தகுதி என்ற சொல் அதில் இருக்கிறது என்பதே நாம் சொல்ல வருவது.

இப்போதுள்ள சட்டம் 1959-ல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று அமெரிக்காவில் உள்ளது போன்ற தனி அனுமதி நம் நாட்டில் இல்லை. தற்காப்புக்காக வாங்கும் லைசென்ஸே வீட்டில் வைத்திருப்பதற்கும் வெளியே கொண்டு செல்வதற்கும் ஆதாரம். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் ஒரு நல்ல காரியம் செய்தன. லைசென்ஸ் கோருபவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று கூறி, கையாளும் முறை, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாகப் பூட்டி வைத்தல், வழியில் கொண்டு செல்லுதல் முதலியவை அதில் அடங்க வேண்டும் என்றும் வகுத்தன. உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் டாக்டரின் சான்று வேண்டும் என்றன. இவ்விதிகளைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் பயிற்சி வேறு, பரீட்சை வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தான் என்பதற்கும் தேறினான் என்பதற்கும் உள்ள பேதம் நம் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பயிற்சி அளித்து, அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிக்கொண்டவரே, “இவர் தேறிவிட்டார்” என்று சான்று எழுதித் தருவதானால், அந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. மோட்டார் ஓட்டப் பழக்கிவிடுபவரே லைசென்ஸும் கொடுக்கலாம் என்றால் வீதியில் நடமாட முடியுமா?

திருப்பூரில் ஸ்கூட்டர் ஓட்ட விரும்பும் ஒரு தையல் தொழிலாளிப் பெண், முதலில் எல்.எல்.ஆர். வாங்கி, பிறகு அதிகாரியின் கண்ணெதிரே காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காலை ஊன்றினால் அடுத்த முறை வா என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே ஊரில் சாயப்பட்டறைக்குச் செல்லுங்கள். அங்கே நீராவி தரும் பாய்லரைக் கவனிப்பவர் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். 1923-ம் வருஷத்துப் பாய்லர் சட்டத்தின் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. அதன் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் வந்த பின்பும் நீங்கவில்லை. “இவன் எனக்கு நம்பிக்கையானவன், பத்து வருஷமாக என்னிடம் இருக்கிறான்” என்று முதலாளி சொன்னால் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்வதில்லை. பாய்லர் வெடித்தால் முதலாளியோடு நில்லாது, பக்கத்து வீட்டுச் சுவரும் இடிந்து விழும் என்பதனால்தான் சட்டம் அங்கே நுழைந்தது. துப்பாக்கி ரவையும் லைசென்ஸ்தாரரின் வேலியோடு நிற்பதில்லை. பாய்லருக்குப் பரீட்சை உண்டு, ஸ்கூட்டருக்கு எட்டு உண்டு, துப்பாக்கிக்கு மட்டும் ஒரு காகிதம் போதும் என்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

தோட்டத்துச் சாளையில் அந்த இரவை எண்ணிப் பாருங்கள். மணி இரண்டு. நாய் குரைக்கிறது. கதவு தட்டப்படுகிறது, அல்லது பின்கட்டில் ஓடு சரிகிறது. கிழவர் எழுந்து, கண்ணாடியைத் தேடி, பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, நடுங்கும் விரல்களால் தோட்டாவைச் செருகுகிறார். வெளியே நிற்பது யார்? கொலைகாரனாக இருக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்த மகனாகவும் இருக்கலாம். மின்சாரம் வந்ததும் மோட்டார் போட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருக்கலாம். வழி தவறிய பீஹார்த் தொழிலாளியாக இருக்கலாம். தமிழ் தெரியாத அவன் இருட்டில் என்ன பதில் சொல்வான்? பஸ் விட்டிறங்கி இட்டேரி மாறி வந்துவிட்ட அப்படிப்பட்டவர்கள் இன்று இந்த ஜில்லாவில் ஒருவர் இருவர் அல்ல. திருப்பூரின் நெசவும் தையலும் அவர்களுடைய கைகளால்தான் நடக்கிறது. 2023-ம் வருஷம் மார்ச் மாதத்தில் பொய்ப் படங்களைப் பரப்பி வடநாட்டுத் தொழிலாளரிடையே பீதி விளைத்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். பீதி இரு பக்கமும் வெட்டும். அந்த ஒரு நிமிஷத்தில், விசைக்கு வெளியே விரலை வைத்துக்கொண்டு, “யார் அது?” என்று கேட்கும் பொறுமை தானாக வருவதில்லை. அது பழக்கத்தால் வருவது. பழக்கம் உண்டா என்பதைப் பார்ப்பதே பரீட்சை.

சட்டம் அவருக்கு என்ன அனுமதிக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய ஸம்ஹிதையிலும், அதற்கு முன்னிருந்த பீனல் கோடைப் போலவே, தற்காப்பு உரிமை உண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுபவனை எதிர்ப்பதில், தேவைப்பட்டால் அவன் உயிர் போகும் வரையிலும் அவ்வுரிமை நீளும். ஆனால் தற்காப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை. தேங்காய் திருட வந்து, விளக்கைக் கண்டதும் ஓடுகிறவனுடைய முதுகில் சுட்டால், நேற்று வரை மரியாதையாக வாழ்ந்த மிராசுதாரர் மறுநாள் கொலை வழக்கில் எதிரியாக நிற்பார். இந்த நுட்பத்தை லைசென்ஸோடு சேர்த்து யாரும் அவருக்கு எடுத்துரைப்பதாக நாம் அறியோம். பரீட்சையில் பாதி சுடுவதைப் பற்றியதாக இருந்தால் போதும். மீதிப் பாதி சுடாமலிருப்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

சாளையை விட்டு நகரத்துக்கு வருவோம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பல கைகளில் பணம் புரளும் நாள். பணத்தோடு செல்லும் வியாபாரி சட்டைக்கு அடியில் ரிவால்வர் வைத்திருந்தால் அதன் காரணம் நமக்கு விளங்கும். அவர் போகுமிடம் எது என்பதையும் பார்க்க வேண்டும். காதர்பேட்டையில் மூட்டைகளுக்கும் வண்டிகளுக்கும் இடையே தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் யாரோ ஒருவன் பையைப் பறிக்கிறான். தோட்டத்தில் தவறிய ரவை வேப்பமரத்தில் பதியலாம். காதர்பேட்டையில் அது ஒரு மனிதன் மேலே படாமல் போக இடமே இல்லை. வீட்டில் வைத்திருப்பவருக்கு வேண்டிய தேர்ச்சியைவிட, உடம்போடு மறைத்து எடுத்துச் செல்பவருக்கு அதிகத் தேர்ச்சி வேண்டும் என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுதான். லைசென்ஸ் ஒன்றாகவே இருந்தாலும் பரீட்சையை இரண்டு தரமாக வைக்கலாம்.

தேர்ச்சி இல்லாத கையில் துப்பாக்கி முதலில் தன் எஜமானையே கடிக்கிறது. 2024-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி பம்பாயில் ஹிந்தி நடிகர் கோவிந்தா தமது லைசென்ஸ் பெற்ற ரிவால்வர் கை தவறி வெடித்ததால் காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அவர் பிழைத்தார். நமக்கு இன்னும் அருகிலே, புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைப் பக்கத்தில், 2021-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்த தினத்தில், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாட்களில் அவன் இறந்தான். இது பயிற்சிக்கு எதிரான வாதம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். அன்று. குண்டு எவ்வளவு தூரம் செல்லும், இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சுடுவதற்கு முன் எண்ணியாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் இல்லை. ராணுவத்துக்கு ஒப்பான படையிருந்த இடத்திலேயே இவ்விதம் நேர்ந்தால், ஒரு பிற்பகலில் நாலு ரவை சுட்டுப் பார்த்து வந்தவரைப் பற்றி என்ன சொல்வது?

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் செய்த திருத்தத்தினால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. அது சரியே. அதே திருத்தம் லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியது. நாற்பது வயதுக்காரருக்கு ஐந்து வருஷம் பெரிதல்ல. எழுபது வயதுக்காரருக்கு அதற்குள் கண்ணில் புரை விழலாம், கை நடுக்கம் வரலாம், ஞாபகம் தளரலாம். தோட்டத்துச் சாளைகளுக்காகத் துப்பாக்கி கேட்கும்போது நாம் பெரும்பாலும் இந்த வயதினருக்காகவே கேட்கிறோம். அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கொரு முறை, இலக்கைச் சுட்டுக் காட்டுவதும் தோட்டாவை ஆபத்தின்றி ஏற்றி இறக்கிக் காட்டுவதும் கட்டாயமாக இருக்க வேண்டும். இது முதியவர்களை அவமதிப்பதாகாது. தேறாதவரை அந்த வயதில் துப்பாக்கியோடு தனியே விட்டுவிடுவதுதான் அவமதிப்பு.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் ஒன்றே ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பரீட்சை என்று ஒன்று வைத்தால் லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறந்ததாகும், அதிகாரிக்குப் பிடிக்காதவர் எவரும் தேறமாட்டார், ஏழைக் குடியானவன் அலைந்து சலித்துப் போவான் என்பது அது. வாஸ்தவம். இந்நாட்டில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர் யாரும் இதைப் பொய்யென்று சொல்லமாட்டார். வெள்ளைக்காரக் கலெக்டர் தன் இஷ்டப்படி லைசென்ஸைக் கொடுத்தும் மறுத்தும் வந்த காலத்தின் நிழல் இன்னும் முழுவதும் விலகவில்லை. ஆனால் இந்த ஆட்சேபம் பரீட்சைக்கு விரோதமானது அல்ல; இரகசியத்துக்கு விரோதமானது. விசாரணை அறிக்கை என்ற பெயரால் மூடிய அறையில் எழுதப்படும் இரண்டு வரி ஒருவருக்கு லைசென்ஸை மறுக்கலாம்; அவர் எதை எதிர்த்துப் பேசுவார்? இலக்கில் விழுந்த ரவையை எல்லோரும் எண்ணலாம். பத்தில் ஏழு பட்டதா, நான்கு பட்டதா என்பதில் சிபார்சுக்கு இடமில்லை. பரீட்சையைத் திறந்த மைதானத்தில், போலீஸ் ஆயுதப் படையைச் சேர்ந்த ஒருவரும் போலீஸைச் சேராத ஒருவரும் கூடி நடத்தட்டும். தேறாதவருக்குக் காரணத்தை எழுத்து மூலம் கொடுக்கட்டும். முப்பது நாளில் மறு பரீட்சைக்கு உரிமை இருக்கட்டும். தேறியவருக்கு லைசென்ஸ் மறுப்பதானால் வேறு காரணத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டிய பொறுப்பு அதிகாரியைச் சேரும். சொல்லப் போனால், அதிகாரியின் மனப்போக்கிலிருந்து பிரஜையை விடுவிக்கும் சாதனமாகவே இதை நாம் பார்க்கிறோம்.

பயிற்சியும் பரீட்சையும் கெட்ட எண்ணத்தைத் தடுத்துவிடுமா என்று கேட்பார்கள். தடுக்காது. 2025-ம் வருஷம் ஜூலையில் குருகிராமத்தில் ஒரு தகப்பனார் தம் லைசென்ஸ் ரிவால்வரால் சொந்த மகளையே சுட்டதாக வழக்கு ஏற்பட்டது. எந்தப் பரீட்சையும் அந்தக் கோபத்தைக் கண்டுபிடித்திராது. ஆதலால்தான் லைசென்ஸ்களைத் தாராளமாக அள்ளி வீசும்படி நாம் சொல்லவில்லை. 2016-ம் வருஷ முடிவில் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 33.7 லட்சம் லைசென்ஸ்கள் இருந்தன. அவற்றில் 12¾ லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். தமிழ்நாட்டில் இருந்தவை 22,000-க்குச் சற்று அதிகம். நாம் இந்த விஷயத்தில் பின்தங்கியிருப்பது நமக்குப் பெருமையே. கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டு, கீழே நிற்பவர்களைச் சாகடிக்கும் வழக்கம் வடக்கே முற்றியதன் பயனாக, 2019-ல் அதற்கென்றே இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று சட்டத்தில் சேர்க்க நேர்ந்தது. நமக்குக் காது குத்துக்கும் சீருக்கும் செண்டை மேளம் போதும்.

அண்டையிலுள்ள குடகு நாட்டைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. துப்பாக்கியைப் பூஜையில் வைத்து வணங்கி, சிறு வயது முதல் பெரியவர்களிடம் பழகும் சமூகம் அது. அவர்களுக்கு வீடே பள்ளிக்கூடம். நம் பல்லடத்துக் கவுண்டருக்கும் பனியன் வியாபாரிக்கும் அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது.

வெளிநாடுகளில் இவ்விவாதம் எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு செல்ல இன்று எந்த அனுமதியும் வேண்டுவதில்லை. 2022-ம் வருஷம் ஜூன் மாதம் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், விசேஷத் தேவையை நிரூபித்தால்தான் அனுமதி என்ற நியூயார்க்கின் பழைய விதியைத் தள்ளிவிட்டது. உடனே நியூயார்க் என்ன செய்தது? 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரம் சுடும் பயிற்சியும் பெற்றுத் தேறினால்தான் அனுமதி என்று புதுச் சட்டம் இயற்றியது. உரிமை என்று கோர்ட் சொன்ன இடத்திலேயே தேர்ச்சியைக் கேட்க முடியுமானால், அனுமதி என்று சட்டம் சொல்லும் நம் நாட்டில் கேட்பதற்கு என்ன தடை? பல வீடுகளில் துப்பாக்கி உள்ள ஸ்விட்ஜர்லாந்திலும், பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்கு எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் தேற வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, சர்க்காரின் பெரிய கடமையை இது குறைப்பதாக எவரும் எண்ணலாகாது. கிழவரின் தலைமாட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதால் போலீஸ் ரோந்து இன்னொரு பக்கம் திரும்பிவிடக் கூடாது. சிவகிரிக்குப் பின்னர் ரோந்து பலப்படுத்தப்பட்டது; பரபரப்பு ஓய்ந்ததும் ரோந்தும் ஓய்வது நமது அனுபவம். 2025 ஆகஸ்டில் உடுமலையை அடுத்த குடிமங்கலம் பக்கத்தில், இரவுப் பணியிலிருந்த ஸ்பெஷல் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு தோட்டத்தில் நடந்த தகராறை விலக்கச் சென்ற இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். காக்கிச் சட்டையும் பயிற்சியும் உள்ளவருக்கே அது நேர்ந்தது. துப்பாக்கியை ஒரு தாயத்தாக எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று: தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 பார்லிமெண்டுத் தேர்தலின்போது நன்னடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. அத்தனை நாளும் அந்தச் சாளைகளைக் காக்க வேண்டியது யார்? ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஸ்டேஷனே அந்த வீட்டுக்கு இரவில் ஒருமுறை ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுவதில் என்ன கஷ்டம்?

கொடி ஒன்றைத் தவிர வேறெதையும் கையில் ஏந்தாமல் 1932 ஜனவரியில் தடியடியில் வீழ்ந்த குமரனின் ஊர் திருப்பூர். அந்த ஊரைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இன்று துப்பாக்கி கேட்டு மனு வருகிறதென்றால், அதைக் கேட்பவர்களைக் காட்டிலும் அப்படிக் கேட்கும் நிலைக்கு அவர்களை விட்டவர்களே வெட்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. ஜில்லாவுக்கு ஒரு சுடும் தளம், அதன் பின்னால் போதிய மண்மேடு, மாதத்தில் ஒரு நாள், இரண்டு பரீட்சகர்கள், தமிழில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம். மாநில சர்க்கார் தம் போலீஸ் பயிற்சி ஏற்பாடுகளைக் கொண்டே இதை ஆரம்பிக்கலாம். விதியில் திருத்தம் வேண்டுமானால் மத்திய சர்க்காருக்கு எழுதலாம். குடியானவரிடம் நாமமாத்திரக் கட்டணத்துக்கு மேல் வாங்கலாகாது. திங்கட்கிழமை தோறும் திருப்பூர்க் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு அங்கே மனுக் கொடுக்கும் தோட்டத்துக்காரருக்குக் கிடைக்கும் ரசீதில் இரண்டு தேதிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கோருகிறோம்: அவர் பரீட்சைக்கு வர வேண்டிய தேதி ஒன்று, அவருடைய சாளைக்கு ரோந்துப் போலீஸார் முதல் முறையாக வரும் தேதி மற்றொன்று. இரண்டாவது தேதி முதல் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும்.